அழாதே என்று சொல்லி வந்தோம்

ஆரம்பப் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து 2017-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றோம். அத்தனை ஆண்டுகளிலும் வகுப்பில் எந்தப் பிள்ளை அழுதாலும் நாம் சொன்ன சொல் ஒன்றே: "அழாதே, கண்ணைத் துடை, போய் முகம் கழுவிக்கொண்டு வா." அதில் கடுமை இல்லை. அன்போடுதான் சொன்னோம், சில வேளைகளில் ஒரு மிட்டாயும் கொடுத்தனுப்பினோம். பிள்ளை முகம் கழுவி வந்து அமரும், பாடம் தொடரும். ஏன் அழுதாய் என்று கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் வாய்ப்பாடு எப்போது முடியும் என்பது நமது கவலை. வீட்டிலும் நம் பிள்ளைகளை இப்படியே வளர்த்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் பெற்றோரில் பலர் வேறு விதமாகச் செய்திருப்பர் என்று தோன்றவில்லை.

இவ்வழக்கத்தின் மேல் நமக்கு முதன்முதலாக ஐயம் பிறந்தது 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினக் கடற்கரையில்.

அதற்கு முந்திய 2004, காவிரிப் படுகையில் வாழும் நமக்குப் பொல்லாத ஆண்டு. ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அந்தத் துயரம் ஆறுமுன்னே, டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அதில் அடங்குவர்.

நம் ஊரில் அரிசியும் துணியும் திரட்டி லாரியில் கொண்டு சென்ற குழுவில் நாமும் இருந்தோம். ஆசிரியர் என்று அறிந்ததும், தற்காலிகக் கொட்டகை ஒன்றில் இருந்த மீனவப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நம்மிடம் ஒப்படைத்தனர். பாடப் புத்தகங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டனவே, வாய்ப்பாட்டையாவது சொல்லிக்கொடுப்போம் என்று ஒரு கரும்பலகையோடு போய் நின்றோம். அங்கே ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் தரையில் பாய் விரித்து, களிமண்ணும் வண்ணக் குச்சிகளும் நூல்கண்டும் பரப்பி வைத்திருந்தனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் வல்லுநர்கள் அக்காலத்தில் கடலோர மாவட்டங்களில் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்து வந்தனர். இவர்கள் அப்பயிற்சி பெற்று வந்தவர்கள். தாயை இழந்த பிள்ளைக்குக் களிமண்ணா என்று நமக்கு எரிச்சலே மூண்டது.

நான்கு நாட்கள் கூடவே அமர்ந்து பார்த்தோம். முதல் நாள் பிள்ளைகள் எல்லாரும் அலையையே வரைந்தனர், அதுவும் கறுப்பு நிறத்தில். ஒரு சிறுவன் மட்டும் ஆளில்லாத கட்டுமரம் ஒன்றை வரைந்தான். மறுநாளும் அதையே வரைந்தான். அதற்கு மறுநாளும் அதையே. நமக்குப் பொறுக்கவில்லை. "ஏனடா கண்ணு, ஆளே இல்லையே?" என்று குனிந்தோம். அந்த இளம்பெண் நம்மைத் தனியே அழைத்து மெல்லிய குரலில், "ஏன் என்று கேட்காதீர்கள் சார். இந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறாயா என்று மட்டும் கேளுங்கள். சொல்லவில்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்றார். நம் மகள் வயதிருக்கும் அவருக்கு. நான்காம் நாள் அச்சிறுவன் கட்டுமரத்தின் மேல் ஒரு கோழியை வரைந்தான். "எங்க அக்கா வளத்தது" என்று தானாகவே சொன்னான். அக்காள் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டதாக அவனுடைய பாட்டி பிறகு சொல்லி அழுதார்.

நூல்கண்டு விளையாட்டையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். கண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு, தமக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, கண்டை எதிரில் இருப்பவரிடம் எறிவார். எல்லார் கைக்கும் போய் வந்த பின் நடுவில் ஒரு பின்னல் உண்டாகும். ஒருவர் இழுத்தால் அத்தனை பேர் விரலிலும் அது தெரியும். ஒருவர் துன்பம் எல்லாரையும் தொடும் என்று விளக்கவே அந்த விளையாட்டு. அந்தப் பிள்ளைகளோ விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. "வலை பிஞ்சிருக்கு" என்று ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் உட்கார்ந்து கண்ணி போடத் தொடங்கிவிட்டனர். கொட்டகையில் சிரிப்புச் சத்தம் எழுந்ததை அன்றுதான் கேட்டோம். கரும்பலகையை லாரியில் திரும்ப ஏற்றிவிட்டோம்.

ஊர் திரும்பிய பின் இது பற்றிக் கிடைத்ததைப் படித்தோம். உணர்வுகளைக் கண்டறிந்து கையாளும் திறனை ஓர் அறிவாகவே கொண்டு, 1990-இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலார் இருவர் ஆய்வுரை வெளியிட்டனர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அச்சொல்லை உலகெங்கும் பரப்பியது. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தினைக் குறித்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சிகளைச் சமாளித்தல் ஆகியவை அவற்றுள் உண்டு. நமக்கு மிகவும் பிடித்தது 2007-இல் மாத்யூ லீபர்மன் என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. அச்சமோ கோபமோ காட்டும் முகப்படங்களைப் பார்ப்பவர், அவ்வுணர்ச்சிக்குரிய பெயரைத் தேர்ந்து சொன்னபோது, மூளையில் அபாயத்தை உணர்த்தும் பகுதியின் கொந்தளிப்பு தணிந்தது என்று அதில் கண்டனர். பெயர் சொல்வதாலேயே உணர்ச்சியின் வேகம் சற்றுக் குறைகிறது என்பது இதன் பொருள்.

எல்லாம் மேனாட்டார் கொடுத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களும் அங்கே சொல்லப்பட்டுள்ளன. அழுகைக்குச் சொன்னவை, பிறரால் இகழப்படுதல், இழப்பு, முன்பிருந்த நிலையினின்றும் தாழ்தல், வறுமை. இந்த நான்கையும் அறிந்திருந்தும், வகுப்பில் அழுத பிள்ளை இவற்றில் எதனால் அழுகிறது என்று நாம் ஒருநாளும் கேட்டோமில்லை.

ஓய்வு பெற்ற பின் சனிக்கிழமை மாலைகளில் பங்குக் கூடத்தைத் திறந்து வைத்தோம். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வந்தனர். பத்து முதல் பதினான்கு வயது வரை இருபது பேர் இருப்பர். கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் வெற்றுப் பக்கத்தில் எட்டு மெய்ப்பாடுகளையும் நாட்டு வழக்கில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டோம்: சிரிப்பு, அழுகை, அவமானம், வியப்பு, பயம், பெருமை, கோபம், சந்தோஷம். ஒரு பிள்ளை ஓர் அட்டையை எடுத்து, வாய் திறவாமல் முகத்தாலும் உடலாலும் அதைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மிக எளிய விளையாட்டுத்தான். ஆயினும் பல வாரங்கள் பார்த்த பின் ஒன்று தெரிந்தது. பையன்கள் 'பயம்' அட்டையை எடுத்தால் கோபத்தையே நடித்துக் காட்டினர். கையை ஓங்குவார்கள், பல்லைக் கடிப்பார்கள். பயத்துக்குரிய முகம் ஒன்று தங்களுக்கும் உண்டு என்பதை அவர்கள் மறந்தே போயிருந்தனர். 'அவமானம்' வந்தாலோ ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத் தலையைக் குனிந்தனர். அதை மட்டும் ஒருவரும் தவறாகச் சொல்லவில்லை.

அடுத்து இருவர் இருவராக அமர்வது. ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதைப் பெற்றோர்க்கும் ஒருநாள் வைத்துப் பார்த்தோம். பெண்கள் சமாளித்தனர். ஆண்களில் ஒருவர்கூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. "அதுக்கு நீ என்ன செய்யணும்னா…" என்று புத்தி சொல்லத் தொடங்கிவிட்டனர். நாமும் அவர்களுள் ஒருவரே.

கடைமடை விளையாட்டு நாமாகவே அமைத்தது. காவிரித் தண்ணீர் முறை வைத்து வரும் ஊர்களில் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கட்டியால் வாய்க்கால் போட்டு, அதன் ஓரம் ஐந்து பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, முதல் பிள்ளையிடம் இருபது புளியங்கொட்டைகளைக் கொடுப்போம். கொட்டைதான் தண்ணீர். வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடலாம். கடைசிப் பிள்ளைக்கு ஒன்று வரும், அல்லது ஒன்றும் வராது. பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றுவோம். கடைமடையில் காய்ந்தவன் தலைமடைக்கு வந்தால் இரக்கம் கொள்வான் என்பது நமது கணக்கு. நடந்தது வேறு. ஒரு பையன் பதினெட்டுக் கொட்டைகளையும் வாரி மடியில் கட்டிக்கொண்டு, "போன தடவை எனக்கு யாரு விட்டா?" என்றான். இடம் மாறி அமர்ந்தால் மட்டும் பிறர் துன்பம் விளங்கிவிடும் என்று புத்தகங்கள் சொல்வதை நாம் இப்போது நம்புவதில்லை. மூன்றாவது சுற்றுக்கு முன், கடைமடையில் இருந்தபோது மனம் எப்படி இருந்தது என்று டப்பாவிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டும்படி கேட்டோம். கோபம் வரும் என்று எண்ணினோம். ஐவரில் நால்வர் எடுத்தது அவமானம். அதன் பிறகே ஆளுக்கு நான்கு என்ற பேச்சு எழுந்தது. பதினெட்டை மடியில் கட்டியவன் கடைசியாகத்தான் இசைந்தான், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

இதனால் படிப்புக் கெடாதா என்று கேட்ட பெற்றோர் உண்டு. 2011-இல் ஜோசப் துர்லாக் முதலியோர், பள்ளிகளில் நடந்த இத்தகைய 213 திட்டங்களை, 2,70,000-க்கு மேற்பட்ட மாணவரைக் கொண்டவற்றை, ஒருங்கே ஆராய்ந்தனர். அவற்றில் பயின்றோர் படிப்பிலும் முன்னேறியிருந்தனர். நூறு பேர் வரிசையில் நடுவே நிற்கும் மாணவன் பதினோரு இடம் முன்னே போவதற்கு அது சமம். இந்தக் கணக்கைச் சொன்ன பின் கேள்வி வரவில்லை. மதிப்பெண்ணைச் சொல்லித்தான் இதற்கு இடம் பெற வேண்டியிருந்தது என்பதில் நமக்குச் சிறிது வருத்தமே.

இனிச் சொல்லப்போவது நம் தவறு.

நம் ஊர் நெல்வயல் முடிந்து தென்னந்தோப்பு தொடங்கும் இடத்தில் உள்ளது. கல்லணைக் கால்வாயின் தண்ணீர் பாய்வது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் பின்னிரவில் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறிய கஜா புயல், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னைகளை ஓர் இரவில் சாய்த்துவிட்டது. நெல் போனால் அடுத்த பட்டத்தில் நடலாம். தென்னை அப்படியன்று. கன்றை நாம் பிள்ளை என்றே அழைக்கிறோம். தென்னம்பிள்ளை வைத்தோம், பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினோம் என்றே பேசுகிறோம். விடிந்தபோது தோப்பில் ஆண்கள் நின்ற நிலையை இங்கே எழுத விரும்பவில்லை. பல நாட்கள் மின்சாரம் இல்லை. மரங்களுக்கிடையில் வீட்டுக்கு வழியும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை கூடத்தைத் திறந்தோம். ஒரு கொட்டாங்கச்சியை வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்தோம். வட்டத்தில் அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பிள்ளைகள் பேசினர். ஒருவன் ஆடு செத்ததைச் சொன்னான். ஒருத்தி ஓடு பறந்த சத்தத்தைச் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி மட்டும் கொட்டாங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு பேசாதிருந்தாள். நாகையில் கேட்ட சொல் அப்போது நினைவுக்கு வரவில்லை. "நீ மட்டும் ஏன் சும்மா இருக்கிறாய்? சொல்லம்மா, இங்கே எல்லாரும் உன் அண்ணன் தம்பிதானே" என்றோம். அவள் இன்னும் குனிந்தாள். "சொன்னால் மனம் இலேசாகும்" என்று மறுபடியும் தூண்டினோம்.

"அப்பா தோப்புக்குப் போனா திரும்பி வருவாங்களான்னு அம்மா ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டே இருக்காங்க சார். கயித்தையெல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சிருக்காங்க" என்றாள்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இருபது பிள்ளைகள் அதைக் கேட்டனர். இரவுக்குள் இருபது வீடுகள் அறிந்தன.

திங்கட்கிழமைக் காலையில் அந்தத் தாய் நம் வாசலில் வந்து நின்றார். திண்ணையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "எங்க வீட்டு மானத்தை உங்க கூடத்துலதான் காயப் போடணுமா சார்? அவரு இனிமே எப்படித் தெருவுல நடப்பாரு? எம்மவ ரெண்டு நாளாச் சோறு திங்கல, நான்தான் அப்பாவைக் காட்டிக் கொடுத்துட்டேன்னு அழுவுறா." மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்றோம். நம் துணைவியார் கொண்டு வந்த தண்ணீரை வாங்காமலே போனார். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க நமக்கு வாய் இல்லை.

2011-ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவி பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டிருந்தது. பேரிடரில் சிக்கியவரை, நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. சொல்ல விரும்பினால் கேட்க வேண்டும். விரும்பாவிட்டால் அருகில் அமைதியாக இருந்தாலே போதும் என்று அதில் தெளிவாக உள்ளது. தாய் வந்து போன பின்னரே அதைப் படித்தோம். அப்படிப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை; பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கடற்கரையில் ஓர் இளம்பெண் இதையே இரண்டு வரியில் நம்மிடம் சொல்லியிருந்தார்.

அதன் பின் கூடத்தில் வழக்கம் மாறியது. கொட்டாங்கச்சியை வாங்குகிறவர் பேசாமலே அடுத்தவரிடம் கொடுக்கலாம், காரணம் கேட்கப்படாது. வட்டத்தில் தன் மனநிலையைச் சொல்லலாம். வீட்டார் பற்றிய செய்தியைச் சொல்ல விரும்பினால் நம்மிடம் தனியே சொல்லலாம். கேட்டதை வெளியே கொண்டு செல்வதில்லை என்பது எல்லார்க்கும் விதி. ஆனால் எவர் உயிருக்கேனும் ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடிய பெரியவர் ஒருவரிடம் நாம் சொல்வோம் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அறிவித்து விடுகிறோம். 2022 முதல் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் அரசு மனநல உதவி தமிழிலும் கிடைக்கிறது. அந்த எண்ணைக் கூடத்தின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். புயல் அடித்த ஆண்டில் அது இல்லை.

அந்தத் தகப்பனாரை ஏழெட்டு மாதங்கள் கழித்து டீக்கடையில் சந்தித்தோம். ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தோம். அவரே கூப்பிட்டார். "ஊருக்குள்ள பேச்சு வந்ததும் எம் மச்சான் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துட்டான் சார். பதினஞ்சு நாள் எம் பக்கத்துலயே படுத்திருந்தான். ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிட்டுப் போனான். அவன் வரலேன்னா…" என்று நிறுத்திக்கொண்டு, நமக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பிறகென்ன, நீங்கள் செய்தது நன்மையாகத்தானே முடிந்தது" என்றார். நாம் அப்படிக் கொள்ளவில்லை. மைத்துனர் வந்தது நல்லது. அதற்காக ஒரு சிறுமியின் வாயிலிருந்து இருபது பேர் நடுவில் அதைப் பிடுங்கியிருக்க வேண்டியதில்லை. அவள் முகத்தைப் பார்த்து, கூட்டம் கலைந்த பின் நாமே அவர்கள் வீட்டுக்கு நடந்து போயிருக்கலாம். அரை மைல் தூரம்தான்.

அவள் ஓராண்டு கூடத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு வந்து, வாசற்படி ஓரமாக உட்கார்ந்தாள். கொட்டாங்கச்சி அவள் கைக்கு வந்தது. ஒரு கணம் வைத்திருந்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தாள். அடுத்த வாரமும் அப்படியே. பள்ளியிறுதி முடித்து வெளியூர் படிக்கப் போகும் வரையில் வட்டத்தில் அவள் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் எல்லாரும் போன பின் தம்பியோடு தங்கி, பாயைச் சுருட்டி, அட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டுப் போவாள்.

ஒருநாள் அவள் போன பின் டப்பாவைத் திறந்தபோது ஏழு அட்டைகளே இருந்தன. 'பயம்' என்று எழுதியது இல்லை. அடுத்த வாரம் அதைப் பற்றி நாம் கேட்கவில்லை. வீட்டில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையைக் கிழித்து வேறோர் அட்டை எழுதி வைத்தோம்.